உஷார்! அந்த மணலை இன்றைக்கு எடுக்காதீர்கள்

கொல்லையில் செங்கல் அடுப்பு கட்டிவிட்டு, குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் மணலை வாரி எடுக்க மண்வெட்டியோடு குனிந்திருக்கிறீர்களா? மண்வெட்டியைக் கீழே வையுங்கள். அடுப்பு வாய்க்குள் கை இருந்தால் வெளியே எடுங்கள். பிள்ளைகள் யாராவது தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே இழுத்துவிடுங்கள். அதன் பிறகு இதைப் படியுங்கள்.

கார்த்திகை பிறந்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டக் கரையில், கீழவைப்பாரில் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ண ஆரம்பித்தாயிற்று. வீட்டிலேயே கேக் சுடலாம், ரொட்டி சுடலாம், பிள்ளைகள் கேட்கிற பீட்சாவும் சுடலாம் என்று நான்கைந்து வீடியோவைப் பார்த்துவிட்டு இளவட்டங்கள் செங்கல் இறக்குகிற காலம் இது. ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கரைக்கு அடுப்பு ரொட்டி புதிதும் இல்லை. 1542-இல் சவேரியார் வருவதற்கு முன்பே போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்கள். பிஸ்கோத்து என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்ததுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர்கள் ரொட்டி சுடும் அடுப்பை இன்றும் போறணை என்கிறார்கள். அதுவும் போர்த்துக்கீசியச் சொல் வழி வந்தது. ஆனால் அந்த அடுப்புகளை எழுப்பியவை கரணை பிடித்துப் பழகிய கைகள். நாம் முதல்முறையாகக் கட்டுகிறோம், அதுவும் அடைமழை மாதத்தில், அதுவும் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நானும் அப்படித்தான் கட்டினேன். கீழவைப்பாரில் என் மச்சான் வீட்டுக் கொல்லையில், உட்புறம் மூன்றடி அகலத்துக்கு. ஈர மணலைக் குவித்துத் தட்டி, அதன்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டி, அதன்மேல் செங்கல் அடுக்கினோம். மூன்றாம் நாள் மணலை வாரத் தொடங்கினோம். பாதி வந்திருக்கும். உச்சியில் நான்கு கல் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கின. அவற்றின் பின்னாலேயே மேல் வளையம் முழுவதும் வந்தது. என் இடது கை உள்ளே இருந்தது. இரண்டு விரல் எலும்பு முறிந்தது. அதே இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு முன்பு மச்சான் மகனின் தலை இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த மணலை அவன்தான் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்றும் ராத்திரி விழிப்புத் தட்டுகிறது.

மறுநாள் விளாத்திகுளம் பக்கமிருந்து வயதான கொத்தனார் ஒருவரை மச்சான் கூட்டி வந்தார். அவர் விழுந்த கல் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த சாந்தைப் பெருவிரலால் தள்ளினார். உதிர்ந்து கொட்டியது.

"கல்ல ஊறப் போட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"எத்தன நா கழிச்சி மணல எடுத்திய?"

"மூணு நாள். சிமென்ட் இறுகியிருக்கும்னு நெனச்சேன்."

"இறுகி என்ன செய்ய? சாந்து கல்லுக்கு மெத்த, தம்பி. கல்லத் தாங்குறது கல்லுதான். நீங்க கல்ல மெத்தயில தொங்க விட்டிருக்கிய."

முதல்முறை கட்டுகிற எல்லோரும் தவறுகிற இடத்தை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். சாந்து பசை மாதிரி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். சுவரில் அந்த நம்பிக்கை நம்மைக் காட்டிக்கொடுக்காது. சுவரில் கல்லின்மேல் கல் படுத்துக்கொள்கிறது. சாந்து மோசமானாலும் கல் எங்கேயும் போகாது. குவிமாடத்தில் கல் அந்தரத்தில் சாய்ந்து நிற்கிறது. பக்கத்துக் கல்லின் நெருக்கம் ஒன்றுதான் அதற்குத் துணை. உள்பக்கத்தில் கல்லோடு கல் முட்டி நிற்க வேண்டும். வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் விரியும் இடைவெளியில் செங்கல் சில்லை இறுக்கித் திணித்து, மிச்சத்தைத்தான் சாந்தால் நிரப்ப வேண்டும். நான் உள்பக்கமும் ஒரு விரல் தடிமனுக்குச் சாந்து வைத்திருந்தேன். உலர்ந்த கல் அந்தச் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. சாந்து இறுகவே இல்லை. மணல் போனதும் கற்களுக்கிடையே மிஞ்சியது வெறும் பொடிதான்.

கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றடி அகல அரைக்கோளம், அரைக்கல் தடிமன் என்றால் செங்கல் மட்டுமே சுமார் 300 கிலோ வரும். முற்றத்தில் குழந்தை கட்டுகிற மணல் வீடு போலத் தெரிகிற அந்த உருண்டைக்குள் மூன்று மூட்டை நெல்லுக்கு மேலான பாரம் அந்தரத்தில் நிற்கிறது.

அந்தப் பாரம் கீழே மட்டும் அழுத்தினால் பரவாயில்லை, வெளியேயும் தள்ளுகிறது. அரைக்கோளக் குவிமாடத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை இருக்கிற வளையங்கள் உள்நோக்கி நெருக்குண்டு நிற்கும். நெருக்கத்தைச் செங்கல் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். அதற்குக் கீழே உள்ள வளையங்கள் விரிந்து பிளக்கப் பார்க்கும். இழுத்தால் செங்கலும் தாங்காது, சாந்தும் தாங்காது. உயரத்தில் சொன்னால், கீழிருந்து பத்தில் ஆறு பங்கு இந்த இழுப்பில்தான் இருக்கிறது. நாம் உச்சியையே பார்த்துப் பயப்படுகிறோம். கேடு தொடங்குவது இடுப்பில். இடுப்பு ஓர் அங்குலம் விரிந்தால் உச்சி தானாக இறங்கும்.

மகா கொத்தனார்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. இன்று இஸ்தான்புல் என்கிற நகரில் 537-இல் கட்டி முடித்த ஹாகியா சோபியாவின் முதல் குவிமாடம் தட்டையாக இருந்தது. தட்டையாக ஆக ஆக வெளித்தள்ளல் கூடும். நிலநடுக்கங்களில் விரிசல் விட்டு, 558-இல் அது இடிந்து விழுந்தது. மறுபடி கட்டியவர்கள் முந்தியதைவிட உயர்த்திக் கட்டி 562-இல் முடித்தார்கள். அந்த வடிவம்தான் இன்றும் நிற்கிறது. ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் 1740-களில் கீழிருந்து மேலாக விரிசல்கள் ஓடின. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் கணித அறிஞர்களை அழைத்துப் பார்க்கச் சொன்னார். பொலேனி என்ற பேராசிரியர் சிறு பாரங்களைக் கோத்த ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, அது வளைகிற வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பிக் குவிமாடத்தோடு ஒப்பிட்டார். கடைசியில் பெரிய இரும்பு வளையங்களைச் சுற்றி இறுக்கினார்கள். பீப்பாய்க்குப் பட்டை போடுவது போலத்தான்.

அந்தச் சங்கிலி வித்தையை நம் கொல்லையிலும் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். மீன்பிடிக் கரையில் மெல்லிய சங்கிலிக்குப் பஞ்சமில்லை. சுவரில் அடுப்பின் உள் அகலத்துக்கு இரண்டு ஆணி அடித்துச் சங்கிலியைத் தொங்கவிடுங்கள். அதன் ஆழம் அகலத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. தொங்குகிற வளைவை அட்டையில் வரைந்து வெட்டித் தலைகீழாகத் திருப்பினால், நிற்கத் தெரிந்த வளைவு ஒன்று கையில் கிடைத்துவிடும். மணல் குவியலை அந்த அட்டையால் சுற்றிச் சுற்றிச் செதுக்குங்கள். கண் அளவை நம்பவே நம்பாதீர்கள். கையால் தட்டித் தட்டி உருவாக்கிய மணல் மேடு எப்போதும் உச்சியில் சப்பையாகவும் தோளில் பருத்தும்தான் முடிகிறது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. பீட்சாவுக்குத் தாழ்ந்த கூரைதான் நல்லது என்று யாராவது சொன்னால், அது கை தேர்ந்தவர்களுக்கு என்று விட்டுவிடுங்கள்.

மணலே வேண்டாம், கையாலேயே வளையம் வளையமாக எழுப்பலாம் என்று காட்டுகிற வீடியோக்கள் இன்னும் ஆபத்தானவை. முறை பொய்யில்லை. எகிப்தின் தெற்கே நூபியாவில் வழிவழியாக வந்த முறையை ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் மீட்டெடுத்தார். நம் பக்கம் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் சென்ட்ரிங் இல்லாமல் வளைவும் குவிமாடமும் கட்டப் பயிற்சியே தருகிறது. கோவை அருகே தியானலிங்கத்தின் மேல் சுமார் 22 மீட்டர் அகலக் குவிமாடம் 1999 முதல் வெறும் செங்கலில் நிற்கிறது. ஆனால் அதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள்: ஒரு வளையம் முழுதாக மூடும்வரை அதில் உள்ள ஒரு கல்லுக்கும் பிடிமானம் கிடையாது. கீழே நான்கு வரி சாய்வு குறைவு, கல் சொன்னபடி கேட்கும். அந்தத் தைரியத்தில் மேலே போவோம். சாய்வு கூடக் கூட, வைத்த கல் கையை எடுத்ததும் வழுக்கும். அப்போது நம் முகம் அதற்கு நேர் கீழே இருக்கும். முதல் அடுப்புக்கு மணல்தான் பாதுகாப்பு, அதிலும் கடைசி உச்சிக்கல் இறுகும்வரை மணல்தான் முழுப் பாதுகாப்பு.

இனி, இந்த ஊருக்கே உரிய ஆபத்து. கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கிற பொருள்களில் பலதும் அடுப்புக்கு ஆகாதவை.

முதலில் ஃபிளை ஆஷ் கல். தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இருப்பதால் சாம்பல் கல் மலிவாகவும், பளிங்கு போல மூலை மட்டமாகவும் கிடைக்கிறது. வீட்டுச் சுவருக்குத் தாராளமாகப் போடலாம். அடுப்பின் உள்வரிக்கு ஒரு கல்கூட வைக்காதீர்கள். அது சூளையில் சுட்ட கல் கிடையாது. சிமென்டோ சுண்ணாம்போ தண்ணீரோடு சேர்ந்து பிடித்த பிடிப்பில்தான் நிற்கிறது. விறகு முழு வீச்சில் எரியும்போது குவிமாடத்தின் உள்முகம் 400 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் அந்தப் பிடிப்புக்குள் கட்டுண்ட தண்ணீர் வெளியேறிவிடும். மிஞ்சுகிற சுண்ணாம்பு, அடுப்பு ஆறியதும் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், பொரியும். நான்கைந்து முறை சுட்ட பிறகு, மேலே பார்க்க ஒழுங்காக இருக்கும்போதே உள்ளே மாவாகியிருக்கும். ரொட்டித் தட்டைத் தள்ளுகிற நேரத்தில் விழும். ஹாலோ பிளாக்குக்கும், கூடுதல் சிமென்ட் போட்ட சாந்துக்கும் இதே கதிதான். நன்றாக வெந்த நாட்டுச் செங்கல் போதும். இரண்டு கல்லை மோதினால் மணி போலக் கணீரென்று கேட்க வேண்டும். வசதி இருந்தால் உள்வரிக்கு மட்டும் ஃபயர் பிரிக் வாங்குங்கள்.

அடுத்தது மண். கீழவைப்பாரிலிருந்து வடமேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் போனால் கரிசல். பிசையப் பிசைய வெண்ணெய் போல வரும், ஆசை காட்டும். கோடையில் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கால் நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். அடுப்புச் சாந்திலும் அதையேதான் செய்யும். எந்தக் களிமண்ணானாலும் ஆற்று மணலோடு கலந்து, அதிரசம் போலத் தட்டி நிழலில் காயவையுங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள், உதிர்ந்தால் களியைக் கூட்டுங்கள். வெடிக்காமலும் உதிராமலும் வரும்வரை ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

கடல் மணலைக் குவியல் போட மட்டும் பயன்படுத்தலாம், சாந்தில் சேர்க்கக்கூடாது. உப்பு எப்போதும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காயும்போது கல்லின் தோலை உரிக்கும். இரும்புக் கம்பியைக் குவிமாடத்தின் சூடான வரிக்குள் புதைப்பவர்களும் இருக்கிறார்கள். சூட்டில் இரும்பு நீண்டு செங்கலைப் பிளக்கும். உப்புக் காற்றில் துருப்பிடித்து உப்பி மறுபடியும் பிளக்கும். இடுப்பு விரியாமல் இருக்கப் பட்டை வேண்டுமென்றால் வெளியே, சூடு எட்டாத இடத்தில் சுற்றுங்கள். அல்லது அடிப்பக்கத்தில் சுற்றிலும் கனமாகத் திண்டு கட்டித் தோள் கொடுங்கள்.

பழைய சுவர் இடிபாட்டில் கிடைக்கிற பவளப்பாறைக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அதை வெட்டிக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் கொண்டுபோனார்கள். அப்படி வெட்டி வெட்டித்தான் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவே கடலுக்குள் போயிற்று. 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். அடுப்புக்கும் அது எமன். துளைதோறும் உப்பு நீர் குடித்த கல், சூட்டில் படாரென்று சிதறும். கரையில் பொறுக்கிய வழுவழுப்பான கல்லும் அப்படியே. நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும், கல்லுக்குள் அந்த இடம் கிடையாது.

அடுப்பு வாயைக் குவிமாடத்தின் உள் உயரத்தில் சுமார் 63 சதவீதத்துக்கு வையுங்கள். உள்ளே 45 சென்டிமீட்டர் என்றால் வாய் 28. அதற்கு மேல் உயர்த்தினால் சூடு ஓடிவிடும். அகலத்தைக் கூட்டினால் அதைவிட மோசம். வளையத்தை வெட்டித் திறந்த இடம்தான் வாய். குவிமாடத்தில் அதைவிடப் பலவீனமான இடம் கிடையாது. பெரிய தாம்பாளம் நுழைய வேண்டும் என்று நான் என் அடுப்பின் வாயை அகட்டினேன். உச்சியில் முதலில் நழுவிய நான்கு கல்லும் வாய்ப்பக்கத்துக் கற்கள்தான். வாய் வளைவை முதலில் தனியாகக் கட்டி நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் கனமான தூண் கொடுங்கள், அதன் பிறகு குவிமாடத்தை அதில் கொண்டுபோய் இணையுங்கள்.

மணலை எப்போதுதான் எடுப்பது? நல்ல வெயிலில், மேலே சாய்ப்பு போட்டு, குறைந்தது ஒரு வாரம் காய்ந்த பிறகு. மழை மாதத்தில் நாள் கணக்கே சொல்ல மாட்டேன். இந்த மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் கொட்டுகிறது. களிச்சாந்து அப்போது காயவே காயாது. எடுக்கிற நாளில் நீளக் காம்புள்ள மண்வெட்டியால், பக்கவாட்டில் நின்றுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். முதலில் உச்சிக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி விழுந்ததும் நிறுத்துங்கள். குவிமாடம் தன் பாரத்தைத் தானே வாங்கி உட்காரும் நேரம் அது. ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் விரிசல் பாருங்கள். மயிரிழை விரிசல் எல்லா அடுப்பிலும் வரும். அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி ஓடினால் வேலையை நிறுத்துங்கள். கீழே அகன்று மேலே குறுகும் விரிசல் இடுப்பு விரிவதன் அடையாளம். உச்சியைச் சுற்றி வட்டமாக ஓடினாலோ, ஒரு கல் பக்கத்துக் கல்லைவிட இறங்கியிருந்தாலோ யோசிக்காதீர்கள். மணலை மறுபடி திணித்து முட்டுக் கொடுத்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

முதல் நெருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாரம் சிறு தீதான். முதல் நாள் வெளிப்பக்கத்தைத் தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவு போதும். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். ஆவி வருகிறவரை பெருந்தீ வேண்டாம். உடைந்த வள்ளத்துப் பலகையை எரிக்காதீர்கள். அதில் ஊறிய பெயின்ட்டின் விஷம் ரொட்டியில் ஏறும். மழை என்று அடைத்த கொட்டகைக்குள் எரித்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

சுற்றுப்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். நம் கொல்லைகளில் நைலான் வலை காயும், ஃபைபர் படகுக்கான பெட்ரோல், மண்ணெண்ணெய் கேன் நிற்கும், பக்கத்திலேயே ஓலைக் கொட்டகை இருக்கும். வாடை வீசுகிற மாதம் இது. வாடைக்கு எதிரே அடுப்பு வாயைத் திறந்து வைத்தால் பொறி எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. கேன்களை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோங்கள். தண்ணீர்க் குடம் இரண்டு எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இப்போது குவியலோடு நிற்கிற அடுப்புக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள்தான். மணல் உள்ளேயே இருக்கட்டும். மேலே தார்ப்பாய், அடுப்பைத் தொடாமல், காற்றுப் புகுந்து போகிற மாதிரி. வாயின் குறுக்கே பலகையை வைத்துக் கயிறு கட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது ஒளிந்து விளையாடும் குகையாகத்தான் தெரியும். கிறிஸ்துமஸ் கேக்கையும் மக்ரூனையும் இந்த வருடம் தூத்துக்குடியில் வாங்கிக்கொள்ளுங்கள். தை பிறந்து ஒரு வாரமாவது வெயில் நன்றாக அடிக்கட்டும்.

மணலை எடுக்கிற அன்றைக்குத் தனியாக இறங்காதீர்கள். முத்துக் குளித்த காலத்தில் இந்தக் கரையில் மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலிக்கு அவனைவிடக் காவல் வேறு யார் என்று. மணலை இழுக்கிறவர் குனிந்திருக்கும்போது அவர் கண்ணுக்கு உச்சி தெரியாது. உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டு, "விலகு" என்று கத்துவதற்கென்றே ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மச்சானைக் கூப்பிடுங்கள்.